ஐந்தாவது பொய் மணி

மில்ஃபோர்க், பென்சில்வேனியா
மார்ச் 12, 1997

எமிலுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை.

நீ ஃபோன் செய்தால் எடுக்கமாட்டேன், கோயிலில் எதிரே வந்தாலும் பேசமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் நோன்பு நாளில் எனக்கு ஜெபம் வராது. அதனால் எழுதி, உன் தீயணைப்பு நிலையத்துத் தபால் பெட்டியில் நானே வந்து போடுகிறேன். மூன்று தெரு தள்ளி இருக்கிற கொழுந்தனுக்குத் தபால்தலை ஒட்டுவது வீண் செலவு.

நேற்று கோயில் மண்டபத்துக் கதவில் உன் கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பிரோஹிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைய வந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நான்தான் படித்துக் காட்டினேன். "புனித நிக்கோலா கோயில் மண்டபம். இந்த ஆண்டின் மூன்றாவது பொய் மணி. ஐந்தாவது பொய் மணிக்குப் பிறகு, தீயைக் கண்ணால் பார்த்த ஒருவர் தொலைபேசியில் உறுதி செய்தாலன்றித் தீயணைப்பு வண்டி அனுப்பப்படாது." அடியில் சட்டத்தின் பெயர்: வாசில் ஹ்ரின்கோ எச்சரிக்கை மணிச் சட்டம்.

என் புருஷன் பெயரை ஒரு மிரட்டலுக்கு அடியில் வாய்விட்டுப் படித்தேன், எமில். நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஜஸ்டினா கேட்டாள், "ஏன் தெக்லா அக்கா, வாசில் அண்ணன் பேரைச் சொல்லியா நமக்கு வண்டி வராதுங்கிறாங்க? அவரு பூனை மரத்துல மாட்டிக்கிட்டாலே ஓடுவாரே!"

"போய் மாவைப் பிசை" என்றேன்.

அபராதத்தைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. கட்டியாயிற்று. சமையலறைக் கணக்கில் வெங்காயத்துக்கு நேரே எழுதிவிட்டேன், அது வெங்காயத்தால் வந்த செலவுதானே. நோன்பு வெள்ளிக்கிழமைகளில் பாதி ஊர் நம் பிரோஹியைத்தான் சாப்பிடுகிறது, உன் ஆட்களையும் சேர்த்து. மூட்டை மூட்டையாக வெங்காயத்தை எண்ணெயில் வதக்கினால் புகை வராமல் பன்னீரா வரும்?

ஆனால் மண்டபத்துக்கு மேலே ஒன்பது அறைகள் இருக்கின்றன. ஏழில் ஆள் இருக்கிறார்கள், ஏழு பேரும் தள்ளாதவர்கள், ஏழு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லை. மாக்ரினா டுட்கோவுக்கு இடுப்பு உடைந்ததிலிருந்து நாற்காலிதான் உலகம். கீழேயும் மேலேயும் அலாரப் பெட்டி ஒன்றே. நான் கீழே வெங்காயம் வதக்கியதற்குத் தண்டனையாக, மேலே அவர்கள் எரிந்தால் வண்டி வராது. இதுதானே நீ எழுதியிருப்பது? நான் தப்பாகப் படித்திருந்தால் சொல்.

இரண்டு கேட்கிறேன். ஆள் தூங்கும் இடத்துக்கு வண்டியை நிறுத்தும் விதியை எடு. அந்தச் சட்டத்திலிருந்து வாசில் பெயரை எடு.

தெக்லா

*

மில்ஃபோர்க்
மார்ச் 15, 1997

அண்ணிக்கு,

என்றென்றும் மகிமை. (இதை எழுதாமல் விட்டால் அதற்கும் ஒரு கடிதம் வரும்.)

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. நான் எழுதியது அதுதான். ஏன் எழுதினேன் என்பதையும் படியுங்கள்.

என் ஆட்கள் யாரும் சம்பளத்துக்குத் தீயணைப்பவர்கள் இல்லை. மணி அடித்தால் கண்ணாடி ஆலையில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். லெஸ்டருக்கு ஆலையில் கடைசி எச்சரிக்கை கொடுத்தாயிற்று. மேஸ்திரி அவனிடம் என்ன சொன்னான் தெரியுமா? "நிஜமா எரியுதுன்னா போ, எவனோ ரொட்டியக் கருக்கினதுக்கெல்லாம் நான் ஆளு அனுப்ப முடியாது." எது நிஜம் என்று லெஸ்டருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.

போன வருஷம் ஜனவரியில் அந்த மரச்சாமான் கடையிலிருந்து மணி வந்தது. அந்த வாரத்தில் மட்டும் அது நாலாவது. உள்ளே ஆட்கள் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தத் தூசிக்குத்தான் மணி. நான் வேறு தெரு வழியாக இரண்டாவது வண்டியில் போய் இறங்கினேன். கடைக்காரன் கையில் காபியோடு வாசலில் நின்றுகொண்டு, "ஒண்ணுமில்லப்பா, திரும்பிப் போங்க" என்றான். முதல் வண்டி எங்கே என்று நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அதில்தான் இருந்தார். அது பாலத்து உறைபனியில் வழுக்கி ஆற்றுக்குள் கிடந்தது.

தூசிக்காகச் செத்தார், அண்ணி. அதை நீங்கள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். அதனால்தான் அவர் பெயர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கடையில் இப்போது நல்ல கருவி வைத்திருக்கிறான். சட்டம் வந்த பிறகு அங்கிருந்து ஒரு மணி இல்லை. வண்டி வராது என்ற பயம் இல்லாமல் எவனும் எதையும் மாற்றமாட்டான்.

இன்னொன்று. நேற்று லெஸ்டர் உங்கள் சமையலறைக்குப் பிரோஹி வாங்க வந்தான். கூரையில் இருக்கும் புகைக் கருவிக்கு யாரோ குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டியிருந்தார்களாம். பூப்போட்ட தொப்பி. மேலே ஏழு பேர் தூங்குகிறார்கள் என்று எனக்கு எழுதிய கை அதைப் பார்க்கவில்லையா?

எமில்

*

மில்ஃபோர்க்
மார்ச் 22, 1997

எமிலுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை.

நான் மறந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒரு வரிக்கு நோன்பு முடிந்த பிறகு பதில் தருகிறேன். இப்போது தந்தால் பாவமாகிவிடும்.

தொப்பி ஜஸ்டினாவுடையது. உன் கடிதத்தைப் படித்த கையோடு நாற்காலி போட்டு ஏறி நானே கழற்றினேன். அவளை எல்லார் முன்னாலும் கேட்டேன், "உனக்குப் புத்தி இருக்கா? மேல மாக்ரினா இருக்காளே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதுக்குத்தான் அக்கா மாட்டுனேன். அஞ்சாவது தடவை அடிச்சா வண்டியே வராதாமே. அடிக்கவே விடாம செஞ்சா வண்டி நமக்கு மிச்சம் இருக்கும்ல?" என்றாள்.

இதுதான் உன் சட்டம் சொல்லிக்கொடுத்த பாடம். பயந்தவர்கள் கருவியை மாற்றுவார்கள் என்கிறாய். கையில் காசு இருப்பவன் மாற்றுவான். மற்றவர்கள் தொப்பி மாட்டுவார்கள். ஊரில் மணி குறைந்துவிட்டது என்று நீ சந்தோஷப்படுகிறாயே, அதில் எத்தனை மணி தொப்பிக்குள் இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா?

நேற்று தொப்பி இல்லாமல் வதக்கினோம். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தோம். ஜஸ்டினா மாவுத் துணியால் விசிறிக்கொண்டே நின்றாள். ஆனாலும் அடித்தது. நாலாவது. நான் மணிக்கு நேர் கீழே கரண்டியோடு நின்றேன், உன் ஆட்கள் வரும்வரை நகரவில்லை. மேலேயிருந்து கிழவர் பெட்ரோ ஜன்னல் வழியாகக் கத்தினார், "தெக்லா! வெங்காயம் வெந்துருச்சா? நம்ம தட்டுல கொஞ்சம் கூடப் போடு!" எல்லாரும் சிரித்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய லெஸ்டரும் சிரித்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய்.

ஏப்ரலில் ஊர் மன்றம் கூடுகிறதல்லவா? நான் வருகிறேன். பேசத் தெரியாத பெண்பிள்ளை, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று உன் மன்றத் தலைவர் ஆல்பிரெக்ட் நினைத்தால் நினைக்கட்டும். உன் சட்டத்தை நான் நாலு தடவை படித்திருக்கிறேன். ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் ஒரு தடவையாவது படித்தார்கள் என்று கேட்கப்போகிறேன்.

தெக்லா

*

மில்ஃபோர்க்
ஏப்ரல் 9, 1997

அண்ணிக்கு,

என்றென்றும் மகிமை.

நேற்று நீங்கள் பேசியபோது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே இருந்த கொடியைப் பார்த்துப் பேசினீர்கள். "என் புருஷன் ஒரு மணியையும் பொய்ன்னு சொன்னதில்ல. போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்லுவாரு. அவரு பேரை எடுங்க, இல்ல, நான் இங்கயே உக்காந்திருக்கேன்." ஆல்பிரெக்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெயரை எடுத்துவிட்டார்கள். நீங்கள் ஜெயித்தீர்கள். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

விதியை எடுக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம், ஒளிக்கப்போவதில்லை. தீயணைப்புத் தலைவர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். கோயிலுக்கு ஒரு விலக்கு கொடுத்தால் நாளைக்கு விடுதிக்காரன் கேட்பான், அடுத்த நாள் மருத்துவமனை கேட்கும், சட்டத்தில் மிச்சம் இருப்பது தலைப்பு மட்டும்தான் என்று சொன்னேன். இப்போது தலைப்பிலும் பெயர் இல்லை.

உங்களிடம் சொல்ல ஒன்று வைத்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் நீங்கள் நிற்கவில்லை. சமையலறைக்குப் புகையைப் பார்க்கும் கருவி தேவையில்லை. வெப்பத்தைப் பார்க்கும் கருவி என்று ஒன்று உண்டு. வெங்காயத்துக்கு அடிக்காது, தீக்கு அடிக்கும். ஃபாதர் மிரோனிடம் பேசினேன். ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோடையில் மாற்றலாம் என்கிறார். அதுவரை வெங்காயத்தை மட்டும் வீடுகளில் வதக்கிக் கொண்டுவரக் கூடாதா? இன்னும் ஒரு மணிதான் பாக்கி. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட எனக்கு ஆசை என்றா நினைக்கிறீர்கள்?

எமில்

*

மில்ஃபோர்க்
ஏப்ரல் 11, 1997

எமிலுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை.

நான் ஜெயிக்கவில்லை. கேட்டது இரண்டு, கொடுத்தது ஒன்று, அதுவும் அவர்களுக்குச் செலவில்லாத ஒன்று. பெயர் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. வண்டி போனால் ஏழு பேருக்கு நஷ்டம்.

வெங்காயத்தை வீடுகளில் வதக்கச் சொன்னேன். ஒன்பது வீட்டில் வதக்குகிறார்கள், ஒன்பது வீட்டிலும் வீட்டுக்குள்ளேயே கத்தும் சின்ன மணி அடிக்கிறது, அந்தப் பாவம் உன் தலையில். சட்டிகளைத் துணியில் கட்டித் தெருவில் தூக்கிக்கொண்டு வருகிறோம். பார்க்கிறவர்கள் யாருக்கோ சாவுச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள்.

உன் சட்டத்துக்குப் பணிந்தேன் என்று எங்கும் சொல்லாதே. மேலே இருக்கிறவர்களுக்காகச் செய்கிறேன். அந்த விதி தப்பு என்று உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா வரையும் சொல்வேன், பாஸ்காவுக்குப் பிறகும் சொல்வேன்.

நீ சாப்பிடாமல் இருக்காதே. இன்று உனக்கு லெஸ்டர் கையில் கொடுத்துவிட்டது முட்டைக்கோஸ் பிரோஹி. நான் அனுப்பினேன் என்று சொல்லவேண்டாம் என்றேன். சொல்லியிருப்பான்.

தெக்லா

*

மில்ஃபோர்க்
ஏப்ரல் 25, 1997
பெரிய வெள்ளி, நம் பழைய நாட்காட்டிப்படி

அண்ணிக்கு,

நோட்டீஸ் கதவில் ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் கையில் இது வரட்டும் என்று எழுதுகிறேன்.

இன்றைக்கு அடித்தது வெங்காயத்துக்கு இல்லை. கோயில்பிள்ளை கெய்டோஷ் தூபக்கரியை மண்டபத்து அடுப்பில் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். வருஷா வருஷம் அப்படித்தான் செய்கிறாராம். ஆண்டவரின் திருச்சீலையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கோயிலைச் சுற்றி வரும்போது மணி அடித்தது. நானும் சீலையின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். விட்டுவிட்டு ஓடினேன்.

ஐந்தாவது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடாமல் இருந்தால், அண்ணிக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டம் என்பார்கள். மரச்சாமான் கடைக்காரன் முதலில் சொல்வான். மணி அடித்தால் வண்டி அனுப்பும் மாவட்டத் தொலைபேசி அறைக்கும் சொல்லியாயிற்று. இனி மண்டபத்து மணி அடித்தால் அவர்கள் குறித்துக்கொள்வார்கள், வண்டியை அனுப்பமாட்டார்கள். யாராவது பார்த்துவிட்டு ஃபோன் செய்ய வேண்டும்.

கெய்டோஷ் அழாத குறை. "எமிலு, உயிர்ப்பு வரைக்கும் கோயில் மணியே கட்டிப்போட்டிருக்கு. மரக்கட்டையத்தான் தட்டுறோம். இந்த நாளுல இந்தச் சனியன் மணி அடிக்குதே! எதை அமுக்குனா நிக்கும்னு காட்டிக் குடுத்துடுப்பா." பெட்டியில் பொத்தானைக் காட்டிக்கொடுத்தேன்.

நாளை பாஸ்கா உணவுக் கூடை மந்திரிப்புக்கு வருவேன். வேண்டுமானால் நீங்கள் மறுபக்கம் நில்லுங்கள்.

எமில்

*

மில்ஃபோர்க்
ஏப்ரல் 28, 1997
ஒளி வாரத் திங்கள்

எமிலுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!

உன் கைக்கட்டை ஈரமாக்காதே. வெண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதே.

சனிக்கிழமை நீ மாக்ரினாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியதை ஊரே பார்த்தது. அதற்கு முன்னால் நடந்ததை நீ பார்க்கவில்லை, நீ அப்போது வரிசையின் மறுபக்கம் கூடையோடு நின்றுகொண்டிருந்தாய். தெரிந்துகொள்.

மாக்ரினாவின் கூடையை ஜஸ்டினாதான் கீழே கொண்டுவந்து ஃபாதரிடம் மந்திரித்து வாங்கினாள். ரொட்டி, கொல்பாசித் தொத்திறைச்சி, முட்டை, நடுவில் மெழுகுவர்த்தி. "எரியிற சுடரோட கொண்டா, அணைச்சுக் கொண்டுவந்தா அது மந்திரிச்ச மாதிரியே இல்ல" என்று மாக்ரினா சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஜஸ்டினா கையால் மறைத்து மறைத்து மாடி ஏறி ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பூவேலைத் துணியை மடித்துக் கூடைமேல் போட்டுவிட்டாள், நாம் எப்போதும் போடுவதுபோல. துணி பற்றி, திரை பற்றி, மணி அடித்தது.

மணி அடித்ததும் யாரும் மேலே பார்க்கவில்லை. கெய்டோஷ் தன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அலாரப் பெட்டிக்கு ஓடினார். தீ எங்கே என்று பார்க்க இல்லை. மணி அடிக்கக்கூடாத நாளில் மணி அடிக்கிறதே என்று, அதை நிறுத்த. நீ காட்டிக்கொடுத்த பொத்தானை அமுக்கினார். மணி நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள், "அப்பாடா" என்றார்கள். நானும் சொன்னேன், எமில். என் வாயால் சொன்னேன்.

பிறகுதான் மாக்ரினாவின் குரல் கேட்டது. "வாசிலு, வாசிலு" என்று கூப்பிட்டாள். அவளுக்கு இன்னும் தீயணைப்பு என்றால் வாசில்தான்.

நான் மாடி ஏறியபோது நடைபாதையில் புகை. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். பெட்ரோ ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன தெக்லா, நோன்பு சனிக்கிழமை கூடவா வெங்காயம்?" என்றார். ஆறு அறையில் ஒருவர்கூட எழுந்து கதவுக்கு வந்திருக்கவில்லை. மணி அடித்தால் வெங்காயம் என்று பழகிவிட்டார்கள். பழக்கியது நான்.

அதனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பொய் மணி ஆளைக் கொல்லும் என்று நீ எழுதினாய். ஆற்றில் மட்டும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் கொல்லும். அது சரி.

ஆனால் வண்டி வராது என்ற விதி அதற்கு மருந்து இல்லை. அதை நான் விடமாட்டேன். மணி அடித்து நின்றது, தொலைபேசி அறையில் யாரோ குறித்துக்கொண்டார்கள், ஒரு சக்கரம் நகரவில்லை. நீ கூடையோடு அங்கே நின்றிருக்காவிட்டால்?

தெக்லா

*

மில்ஃபோர்க்
ஏப்ரல் 30, 1997

அண்ணிக்கு,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!

நான் அங்கே நின்றிருக்காவிட்டால் என்று கேட்டீர்கள். நின்றிருந்தும் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நீங்கள் மாடியிலிருந்து, "எமில்! வண்டியக் கூப்பிடுடா!" என்று கத்தினீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. மண்டபத்து ஃபோனை எடுத்தேன். தொலைபேசி அறையில் ஒரு பெண். புதுசு போல.

"அந்த முகவரி நிறுத்தி வெச்ச பட்டியல்ல இருக்குங்க. தீயை நீங்களே கண்ணால பாத்தீங்களா?"

"வண்டிய அனுப்பும்மா. நான் தீயணைப்புத் தலைவர் பேசுறேன்."

"சரிங்க சார். யாரா இருந்தாலும் இந்தக் கேள்வியக் கேட்டுத்தான் ஆகணும்னு தலைவரே எழுதிக் குடுத்திருக்காரு. தீயைப் பாத்தீங்களா?"

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் படித்தது என் வார்த்தை. எழுத்துக்கு எழுத்து என் வார்த்தை.

நான் பார்க்கவில்லை, அண்ணி. உங்கள் குரலைக் கேட்டேன், அவ்வளவுதான். "பாத்தேன்" என்றேன். பொய் சொன்னேன். என் சட்டத்தின்படி அது குற்றம், அதற்கும் ஒரு விதி எழுதியிருக்கிறேன்.

நேற்று ஆல்பிரெக்டிடம் போய், விதியை இன்றே எடுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "எதுக்கு எமில்? ஒருத்தர் பாத்து உறுதி செஞ்சாரு, வண்டி வந்துச்சு, ஒருத்தரும் சாகல. சட்டம் அழகா வேலை செஞ்சிருக்கே!" நான் பார்க்கவில்லை, பொய் சொன்னேன் என்று அவரிடமே சொன்னேன். "அதை நான் கேக்கல" என்று கதவைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஜூன் கூட்டம் வரை எதுவும் மாறாதாம். நான் போட்ட கையெழுத்தை நானே எடுக்க முடியாதாம். மன்றம்தான் எடுக்கணும் என்பதும் நான் எழுதியதுதான்.

மாக்ரினா மருத்துவமனையிலிருந்து சனிக்கிழமை வருகிறார். வேறு அறையில் வைக்கலாம் என்கிறார் ஃபாதர். ஆக மறுபடியும் மேலே ஏழு பேர், மறுபடியும் வண்டி கிடையாது.

பதவியை எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். கடிதம் தயாராக இருக்கிறது. என் சட்டத்துக்கு நானே தலைவராக இருக்க எனக்கு முகமில்லை.

எமில்

*

மில்ஃபோர்க்
மே 6, 1997

எமிலுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீ போனால் அந்த இடத்தில் ஆல்பிரெக்டின் மச்சான் வந்து உட்காருவான். அவனுக்கு வண்டியை ஓட்டத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும். சட்டத்தை எழுதிய நீயே அதை எடுக்கப் போராட வேண்டும், ஓடிப்போவது கணக்கை இன்னொருவன் தலையில் கட்டுவது. ஜூனில் நான் மறுபடியும் வருகிறேன். இந்தத் தடவை கொடியைப் பார்த்துப் பேசமாட்டேன். நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார். தொலைபேசி அறையில் நீ சொன்ன பொய்யை மன்றத்தில் எழுந்து நின்று சொல். கேட்கவில்லை என்று எத்தனை தடவை சொல்வார் பார்ப்போம்.

ஜூன் வரை அந்த ஏழு பேரை என்ன செய்வது என்று நானும் யோசித்தேன். ஜெபத்திலும் யோசித்தேன், மாவு பிசையும்போதும் யோசித்தேன். பிசையும்போதுதான் தெளிந்தது.

கண்ணால் பார்த்த ஒருவர் வேண்டும் என்கிறது உன் சட்டம். சரி, அந்த ஒருவர் நான். மாடியில் காலி அறைக்கு நேற்றே குடிவந்துவிட்டேன். படுக்கை, வாசிலின் படம், ஒரு ஃபோன். ஃபோனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நான் வெளியே போகும்போது ஜஸ்டினா வந்து உட்காருவாள், அவள் போனால் அடுத்தவள். மெழுகுவர்த்திக்கு அழுதது போதும், இனிமேல் காவலுக்கு வா என்றேன். ஃபாதர், "சமையல்காரங்க மாடியில தங்கலாமான்னு ஆயர்கிட்ட கேக்கணுமே" என்றார். கேளுங்கள், பதில் வரும்வரை நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

இன்று காலை எல்லாரையும் எழுப்பி மணிக்கு எழுந்து இறங்கப் பழக்கினேன். பெட்ரோ, "தீயும் இல்ல, வெங்காயமும் இல்ல, பின்ன எதுக்குடி இறங்கணும்?" என்று படி முழுக்க வைதுகொண்டே இறங்கினார். இறங்கினார் அல்லவா, எனக்கு அது போதும். மாக்ரினாவை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கினோம். தெருவில் எல்லாரையும் எண்ணினேன். ஒருவரும் குறையவில்லை. நாளைக்கும் செய்வோம்.

வெள்ளிக்கிழமைதான் பாக்கி. எரிந்த அறையைச் சரிசெய்யவும் உன் வெப்பக் கருவியை வாங்கவும் கோடை வரை காத்திருக்கப்போவதில்லை. இந்த வெள்ளிக்கிழமை பிரோஹி விற்கிறோம், நோன்பு இல்லாவிட்டாலும். இந்தத் தடவை வெண்ணெய் உண்டு. வெங்காயத்தை மண்டபத்தில்தான் வதக்கப்போகிறோம், தொப்பி இல்லாமல். மணி அடிக்கும். அடித்தால் எல்லாரும் இறங்கி வருவார்கள், பொய்யோ நிஜமோ. வண்டி வராது.

உன் சட்டத்தை அஞ்சாவது தடவையாகப் படித்தேன். மணிக்கு வண்டி போகக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். பசிக்குப் போகக்கூடாது என்று நான் எங்கும் பார்க்கவில்லை. உன் ஆட்களுக்குப் பசிக்குமா?

தெக்லா

*

மில்ஃபோர்க்
மே 7, 1997

அண்ணிக்கு,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!

உருளைக்கிழங்கு எட்டு டஜன், முட்டைக்கோஸ் நாலு டஜன். எல்லாருக்கும் பசி. லெஸ்டருக்கு ஆலையில் சாப்பாட்டு நேரம் என்ன என்று கேட்டேன், "வெள்ளிக்கிழமை முழுக்க" என்றான்.

நீங்கள் அடுப்பு மூட்டும் முன்னால் வண்டி மண்டபத்து வாசலில் நிற்கும், குழாய் மாட்டி. நீங்கள் அடுப்பை அணைத்துச் சட்டியைக் கழுவிய பிறகுதான் நாங்கள் சாப்பிட்டு முடிப்போம். அடுத்த வெள்ளியும் பசிக்கும் போலிருக்கிறது.

ஆல்பிரெக்ட் வந்து கத்தினால் அவருக்கும் ஒரு தட்டு வையுங்கள். வெண்ணெய் நிறைய ஊற்றுங்கள். வண்டியை நகர்த்தச் சொன்னால் மட்டும், தலைவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

எமில்